உடல் தேறுதலும் அடிக்கணக்கும்



சென்னையிலிருந்து திருப்பதிக்கு ரயிலில் செல்வோர், திருத்தணியைக் கடந்து சிறிது தொலைவு சென்றதும் நகரியைக் காண்பார்கள். தறியொலி ஓயாத ஊர் அது. அதனைச் சூழ்ந்த மலைத்தொடரில் ஒரு முகடு, மனிதனுடைய மூக்கைப் போல் நீண்டு நிற்கிறது. ஆங்கில மாலுமிகள் அதற்கு 'நகரி மூக்கு' என்று பெயரிட்டார்கள். சென்னையை நோக்கி வந்த பாய்மரக் கப்பல்களில் இருந்தோர், தாழ்ந்த கரை கண்ணுக்குப் புலப்படுமுன்பே அம்முகட்டைக் கண்டு, தாம் எங்கே இருக்கிறோம் என்பதை உறுதி செய்துகொண்டார்கள். வழிச் செல்வோனுக்கு, எவ்வளவு தொலைவு வந்திருக்கிறோம் என்று காட்டும் அடையாளம் ஒன்று தேவை. நோயிலிருந்து நலத்தை நோக்கிச் செல்வோனும் வழிச் செல்வோனே. அவனுக்கு அத்தகைய அடையாளம் எவ்வாறு கிடைத்தது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

நகரியைப் பற்றி முதலில் சொன்னதற்குக் காரணம் உண்டு. தமிழர்களிற் பலர் பிழைப்பின் பொருட்டு ஊரை விட்டு வேறு மாநிலம் சென்றவர்கள். நகரித் தமிழர்களோ ஊரை விட்டு ஓர் அடியும் பெயரவில்லை. எல்லைக் கோடுதான் பெயர்ந்தது. 1953-இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டம் அதனுடன் சேர்ந்தது. 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் எல்லைத் திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. நகரி ஆந்திரத்திலேயே நின்றது. ஆகவே, பெருநோய் ஒன்று வந்துற்றால், நகரிக் குடும்பத்துக்கு மூன்று வழிகள் உண்டு. கிழக்கே சென்னை, வடக்கே திருப்பதி, தென்மேற்கே வேலூர். எங்கே சென்றாலும் சிகிச்சை ஓரிடம், வீடு ஓரிடம். மும்பையிலோ பெங்களூரிலோ வாழும் தமிழருக்கும் இந்நிலை புதிதன்று.

நகரியில் நெசவாளர் குடும்பத்துத் தாய் ஒருத்தியை மனத்தில் நினைத்துக்கொள்வோம். குடலில் தோன்றிய புற்றுநோயை அறுவையால் நீக்கி, அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு மாதம் கழித்து மருத்துவர் முன் வந்து அமர்கிறாள். “உடம்பு எப்படி இருக்கிறது அம்மா?” என்று மருத்துவர் வினவுகிறார். “பரவாயில்லை ஐயா” என்கிறாள். பக்கத்தில் நிற்கும் மகன், “சரியாகவே எழுந்திருப்பதில்லை” என்கிறான். மருத்துவர் எதை நம்புவது? மருத்துவர் தெலுங்கராகவோ வங்காளியாகவோ இருந்துவிட்டால் குழப்பம் இன்னும் பெரிது. நம் பெண்களுக்கோ வலியை அடக்கிக்கொள்வதே பழக்கம். 'பரவாயில்லை' என்னும் ஒரே சொல், முழு நலத்தையும் குறிக்கும். தாங்க இயலாத துன்பத்தையும் மறைக்கும். இந்தச் சொல்லின் இடத்தில் ஓர் அளவையை வைக்க மருத்துவ உலகம் முயன்ற கதை நீண்டது.

புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டு பல்லாண்டு வாழலாம் என்ற நம்பிக்கையே நம் நாட்டில் பழமையானது அன்று. மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனை 1941-இல் திறக்கப்பட்டது. தென்னாட்டில் அந்த நம்பிக்கையை வளர்த்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். 1923-இல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவர், அத்துயரை நெஞ்சில் தாங்கி முப்பது ஆண்டுகள் உழைத்தார். 1952-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் நிலையம் எழுந்தது. அம்மையாரின் மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதனை வளர்த்தார்கள். நகரிக்கு அண்மையில், திருப்பதியில், டாட்டா அறக்கட்டளைகளின் துணையோடு, தேவஸ்தானத்தின் நிலத்தில், 2022 மே மாதத்தில் ஒரு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. முற்காலத்தில், 'பிழைப்பாரா?' என்பதே கேள்வி. பிழைப்போர் தொகை பெருகப் பெருக, 'எப்படிப் பிழைப்பார்? எழுந்து நடப்பாரா? தறியில் அமர்வாரா?' என்னும் கேள்விகள் எழுந்தன.

இக்கேள்விகளுக்கு விடை தேடுமுன், ஒரு பழைய எண்ணத்தை மருத்துவர்கள் கைவிட வேண்டியிருந்தது. அறுவை நடந்தால் அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்பதே அவ்வெண்ணம். நகரிக்கு அருகிலுள்ள புத்தூர், எலும்பு முறிவுக் கட்டுக்குப் பெயர் போன இடம். 'புத்தூர்க் கட்டு' என்றால் தமிழகம் முழுவதும் அறியும். முறிந்த எலும்பை அசையாமல் கட்டிவைத்தால் அது கூடுகிறது. இதைக் கண்ணாரக் கண்டவர்கள் நம் மக்கள். அதே நியாயத்தை வயிற்று அறுவைக்கும் பொருத்திப் பார்ப்பது இயல்புதான். தையல் பிரிந்துவிடுமோ என்ற அச்சமும் சேர்ந்துகொண்டது. மேனாட்டு மருத்துவர்களும் இவ்வாறே எண்ணினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வயிற்றில் அறுவை செய்துகொண்டவர்களை இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் படுக்கையிலேயே கிடத்துவது பொது வழக்கம்.

ஆனால் எலும்பு வேறு, உடம்பு வேறு. ஓர் எலும்பைக் கட்டிவைக்கலாம். உடம்பு முழுவதையும் கட்டிவைத்தால் அது கெடும். நடக்காத கால்களில் இரத்த ஓட்டம் மந்தமாகிறது. கால் நரம்புகளில் இரத்தம் உறைந்து, அவ்வுறைவு பெயர்ந்து நுரையீரலில் சென்று அடைத்தால், நொடியில் உயிர் போகும். புற்றுநோயாளிகளின் இரத்தம் பிறருடையதை விட எளிதில் உறையும் இயல்பினது. ஆதலால் அவர்களுக்கு இந்த இடர் மிகுதி. மல்லாந்து கிடப்பவனுடைய நுரையீரலின் அடிப்பகுதி நன்றாக விரிவதில்லை. அங்கே சளி தேங்கிக் காய்ச்சல் வருகிறது. குடல் சோம்புகிறது. தசைகள் நாளுக்கு நாள் மெலிகின்றன. முதியவர்கள் சில வாரங்களில் இழந்த தசை வலிமையை மீட்கப் பல மாதங்கள் ஆகின்றன. அறுவை பிழைக்க வைத்தவனைப் படுக்கை கொன்றது என்று சொல்லத்தக்க நிகழ்ச்சிகள் பல நேர்ந்தன.

இதை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர், சிகாகோ நகரத்து மருத்துவர் எமில் ரீஸ். அவர் 1899-இலேயே, வயிற்று அறுவை செய்துகொண்ட பெண்களை ஓரிரு நாட்களுக்குள் எழுப்பி நடக்கவிட்டு, அதன் நன்மையை எழுதினார். உலகம் செவி சாய்க்கவில்லை. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, டெட்ராய்ட் நகரத்து லெய்ட்டாசர் என்பவர் அதையே மீண்டும் வற்புறுத்தினார். 1946-இல் அதைப் பற்றித் தனி நூலே எழுதினார். இடையில் வந்த உலகப் போர் அவருக்குத் துணை செய்தது. படுக்கைகள் போதாமையால், காயமுற்ற போர்வீரர்களை விரைவில் எழுப்ப வேண்டியதாயிற்று. எழுந்தவர்கள் கெட்டுப்போகவில்லை, தேறினார்கள்! 1947-இல் லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் ஆஷர், படுக்கையில் கிடப்பதன் ஆபத்துகளைக் குறித்து ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். நகைச்சுவையும் கடுமையும் கலந்த அக்கட்டுரை இன்றும் மருத்துவ மாணவர்களால் படிக்கப்படுகிறது.

போர்க்காலத்தில் அமெரிக்க விமானப் படையின் மருத்துவமனைகளில் பணியாற்றிய ஹவர்டு ரஸ்க் என்பவரும் இதே உண்மையைக் கண்டார். வெறுமனே கிடந்த வீரர்களைக் காட்டிலும், நாள்தோறும் ஏதேனும் பயிற்சியும் பணியும் கொடுக்கப்பட்டவர்கள் விரைவில் தேறினார்கள். போருக்குப் பின் அவர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவத்துக்கென ஒரு நிலையம் நிறுவினார். அவரிடம் பயில நம் பக்கத்திலிருந்து சென்றவர் ஒருவர் உண்டு. வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ் என்பவர் அவர். 1954-இல் நேர்ந்த வண்டி விபத்தில் முதுகுத் தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். ஆயினும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். ரஸ்கிடம் பயின்று திரும்பி, 1963-இல் வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-இல் அங்கே நோயாளிகள் தங்கிப் பயிலும் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. சித்தூர் மக்களுக்கு வேலூர் அண்டை வீடு போன்றது. நடக்க இயலாத ஒருவர், பிறரை எழுப்பி நடத்துவதைத் தம் தொழிலாகக் கொண்டார் என்பது, நம் மண்ணில் நிகழ்ந்த வரலாறு.

எழுந்து நடப்பது நல்லது என்பது தெளிந்தது. ஆனால் ஒருவர் எவ்வளவு தேறியிருக்கிறார் என்பதை எப்படி எழுதிவைப்பது? 1940-களின் இறுதியில், நியூயார்க் நகரத்துப் புற்றுநோய் மருத்துவர் டேவிட் கார்னாஃப்ஸ்கி இதற்கு ஒரு வழி கண்டார். போரில் பயன்படும் நச்சுப் பொருள்களின் குடும்பத்திலிருந்து அப்போதுதான் புற்றுநோய் மருந்து ஒன்று பிறந்திருந்தது. மருந்தினால் கட்டி சுருங்குகிறது; ஆனால் மனிதன் நலமடைகிறானா? இதை அறிய அவரும் அவருடைய தோழர்களும் நூறு முதல் சுழியம் வரை பத்துப் பத்தாக இறங்கும் ஓர் ஏணியை வகுத்தார்கள். குறையேதுமின்றி நடமாடுபவருக்கு 100. தம்மைத் தாமே பேணிக்கொள்ள இயன்றும் வேலைக்குச் செல்ல இயலாதவருக்கு 70. பிறர் உதவி பெரிதும் வேண்டுபவருக்கு 50. இறந்தவருக்குச் சுழியம். கட்டியின் அளவை மட்டும் நோக்கிய மருத்துவம், மனிதனுடைய நடமாட்டத்தையும் ஏட்டில் குறிக்கத் தொடங்கிற்று.

1960-இல் சூப்ராடு என்னும் அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் இதைச் சுருக்கிச் சில படிகளாக அமைத்தார்கள். சுழியம் என்றால் முழு நலம். நான்கு என்றால் முற்றும் படுக்கை. இடையில் உள்ள படிகளைப் பிரிக்கும் கேள்வி எளியது: விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் எழுந்து நடமாடுகிறாரா, பாதிக்கு மேல் படுக்கையிலோ நாற்காலியிலோ கழிக்கிறாரா? இன்றும் புற்றுநோய் மருத்துவமனைகளில் நோயாளியின் ஏட்டில் இந்த எண் ஏறுகிறது. அடுத்த மருந்தைத் தாங்குவாரா என்பதை முடிவு செய்வதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. ஆகவே அது வெறும் குறிப்பு அன்று; ஒருவருடைய சிகிச்சையின் போக்கையே மாற்றவல்ல எண்.

இந்த ஏணிகளுக்கும் ஒரு குறை இருந்தது. மருத்துவர் கண்டதையும் நோயாளி சொன்னதையும் வைத்தே எண் இடப்படுகிறது. ஒரே நோயாளிக்கு இரு மருத்துவர்கள் இரு எண்களை இடுவதுண்டு. நோயாளியை அவர்கள் காண்பதும் பத்து நிமிடம். எஞ்சிய நாட்கள் எல்லாம் அவர் வீட்டிலே கழிகின்றன. நகரித் தாய் நல்ல சேலை உடுத்து, மகன் தோளைப் பற்றியபடி, வலியை மறைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தால், எண் உயர்ந்துவிடும். வீட்டில் அவள் நடந்ததை யார் கண்டார்? கண்டு சொல்வதைவிட எண்ணிச் சொல்வது மேல் என்ற எண்ணம் இங்கே பிறந்தது.

அடியை எண்ணித் தொலைவை அளப்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. சென்னைப் பரங்கிமலை அருகே 1802-இல் லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் நில அளவை, இமயம் வரை நீண்டது. அதற்கு அப்பால் திபெத்து நாட்டுக்குள் அளவையாளர் செல்லத் தடை இருந்தது. அப்போது குமாவூன் மலைநாட்டுப் பள்ளி ஆசிரியர் நைன் சிங் என்பவரை யாத்திரிகர் வேடத்தில் அனுப்பினார்கள். ஒரு மைலை 2,000 அடிகளில் கடக்கும்படி அவர் தம் நடையைப் பழக்கிக்கொண்டார். செபமாலையில் 108 மணிகளுக்குப் பதில் 100 மணிகள். நூறு அடிக்கு ஒரு மணி தள்ளினார். 1865-இல் புறப்பட்டு லாசா நகரம் சென்று மீண்டார். நடந்த தொலைவெல்லாம் அவர் விரல் நுனியில் பதிந்திருந்தது. செபிப்பவர் போல் நடந்தவர், உண்மையில் கணக்கெழுதிக்கொண்டே நடந்தார்.

மணிக்குப் பதிலாகப் பொறியை எண்ணவிடும் முயற்சி ஐரோப்பாவில் முன்பே தோன்றியிருந்தது. இடுப்பில் மாட்டிய சிறு பெட்டியுள் ஓர் ஊசல்; அடி வைக்குந்தோறும் உடம்பு குலுங்க, ஊசல் ஆடி, பற்சக்கரத்தை ஒரு பல் நகர்த்தும். இதுவே அடிமானி. டோக்கியோ ஒலிம்பிக் பந்தயங்கள் முடிந்த மறு ஆண்டு, 1965-இல், ஜப்பானில் ஒரு கடிகார நிறுவனம் அத்தகைய கருவியை மக்களுக்கு விற்றது. 'பத்தாயிரம் அடி மானி' என்று பொருள்படும் பெயர் அதற்கு இடப்பட்டது. இன்று உலகெங்கும் வழங்கும் 'நாளுக்குப் பத்தாயிரம் அடி' என்னும் பேச்சு அந்தப் பெயரிலிருந்து பரவியதே. மருத்துவ ஆராய்ச்சியின் முடிவாகப் பிறந்தது அன்று. அறுவை செய்துகொண்டவர்கள் அந்த எண்ணைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை.

மருத்துவர்கள் மற்றோர் எளிய அளவையையும் வகுத்தார்கள். 1968-இல் அமெரிக்க விமானப் படை மருத்துவர் கூப்பர், வீரர்களைப் பன்னிரண்டு நிமிடம் ஓடவிட்டு, கடந்த தொலைவைக் கொண்டு உடல் உரத்தை மதிப்பிட்டார். 1976-இல் பிரிட்டிஷ் மருத்துவர்கள் மூச்சுநோயாளிகளுக்காக ஓட்டத்தை நடையாக மாற்றினார்கள். 1982-இல் பன்னிரண்டு நிமிடம் ஆறாகச் சுருங்கியது. 2002-இல் அமெரிக்க மார்புநோய்ச் சங்கம் அதற்கு முறைகளை வகுத்து வெளியிட்டது. முப்பது மீட்டர் நீளமுள்ள நடைகூடம், இரு முனையிலும் அடையாளம், ஒரு கடிகாரம், களைத்தால் அமர ஒரு நாற்காலி: இவ்வளவே தேவை. நோயாளி தம்மால் இயன்றவரை நடக்கிறார். நடுவில் நின்று இளைப்பாறலாம். ஆறு நிமிடத்தில் எத்தனை மீட்டர் என்பதே கணக்கு. அறுவைக்கு முன் ஒரு முறையும், பின் சில வாரங்கள் கழித்து ஒரு முறையும் அளந்தால், பழைய வலிமை எவ்வளவு திரும்பியது என்பது புலனாகும்.

இதற்கிடையில் அறுவைக்கூடத்திலும் ஒரு மாறுதல் நிகழ்ந்தது. 1990-களில் டென்மார்க் நாட்டு மருத்துவர் ஹென்ரிக் கேலெட் ஒரு கேள்வி எழுப்பினார்: 'நன்றாக நடந்த அறுவைக்குப் பிறகும் நோயாளி ஏன் இன்னும் மருத்துவமனையில் கிடக்கிறார்?' வலி, குடல் சோம்பல், நீண்ட பட்டினி, படுக்கை ஆகியவையே காரணம் என்று அவர் கண்டார். வலியைத் தக்கபடி தணித்து, விரைவில் உணவு கொடுத்து, அன்றைக்கோ மறுநாளோ எழுப்பி நடத்தினால், ஒரு வாரத்துக்கு மேல் தங்கிய குடல் அறுவை நோயாளிகள் சில நாட்களிலேயே வீடு திரும்பினார்கள். 2001-இல் ஐரோப்பிய அறுவை மருத்துவர் குழு ஒன்று இம்முறைகளை ஒழுங்குபடுத்தத் தொடங்கியது. 2010-இல் அதற்கென உலகச் சங்கம் ஒன்றும் அமைந்தது. 'இன்று எவ்வளவு நேரம் எழுந்திருந்தார்?' என்பது நோயாளி ஏட்டின் ஒரு வரியாயிற்று.

இன்று ஊசலின் இடத்தில் மணலளவான மின்னணுப் பொறி வந்துவிட்டது. உடம்பின் வேகம் மாறுவதை அது ஒவ்வொரு நொடியிலும் பல முறை உணர்ந்து, அவ்வசைவில் நடையின் தாளத்தைப் பிரித்து எண்ணுகிறது. கைக்கடிகாரத்திலும் கைப்பேசியிலும் அது அடங்கியிருக்கிறது. அறுவைக்கு முன் ஒரு வாரம் அதை அணிந்தால், அந்த மனிதருடைய இயல்பான நடை தெரிகிறது. அறுவை முடிந்ததும் எண்ணிக்கை பாதாளத்துக்கு இறங்கி, பிறகு நாளுக்கு நாள் மெல்ல ஏறுகிறது. அந்த ஏற்றமே தேறுதலின் படம். ஏறிக்கொண்டிருந்தது திடீரென்று சில நாட்கள் தொடர்ந்து சரிந்தால், உள்ளே சீழோ, இரத்தச் சோகையோ, மனச் சோர்வோ இருக்கலாம் என்ற எச்சரிக்கை கிடைக்கிறது. நோயாளி வாய் திறந்து சொல்லுமுன் கால்கள் சொல்லிவிடுகின்றன.

2019-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, பெரிய அறுவைகள் செய்துகொண்ட 100 பேருடைய அடிகளை எண்ணியது. அறுவைக்கு மறுநாள் 1,000 அடி வரையில், அடிகள் கூடக் கூட, நெடுநாள் மருத்துவமனையில் தங்க நேரும் வாய்ப்புக் குறைந்தது. ஆயிரத்துக்கு மேல் நடந்ததால் கூடுதல் பயன் தென்படவில்லை. ஆயிரம் அடி என்பது, மருத்துவமனைக் கூடத்தில் சில முறை சென்று வருவதே. ஆனால் இங்கே அறிவுடையோர் ஒரு கேள்வி கேட்பார்கள். நடந்ததால் தேறினார்களா, அல்லது தேறியதால் நடந்தார்களா? வெயில் ஏறினால் நிழல் குறுகும். நிழலைக் குறுக்கினால் வெயில் ஏறாது. எண்ணிக்கை காரணமா, அடையாளமா என்பது இத்தகைய ஆய்வுகளால் மட்டும் தெளிவதில்லை.

அந்தத் தெளிவில் ஒரு பகுதியை 2025-இல் வெளியான மற்றோர் ஆய்வு கொடுத்தது. கனடாவும் ஆஸ்திரேலியாவும் முன்னின்று, 2009 முதல் பல நாடுகளில் நடத்திய ஆய்வு அது. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவையும் மருந்துச் சிகிச்சையும் முடித்த 889 பேரைச் சீட்டுக் குலுக்குவது போல் இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்கு உடற்பயிற்சி பற்றிய அறிவுரை ஏடுகள் மட்டும். மற்றொரு பிரிவினருக்கு மூன்று ஆண்டுகள் வழிகாட்டியின் மேற்பார்வையில் பயிற்சி. வாரத்தில் மூன்று நான்கு நாட்கள், முக்கால் மணி முதல் ஒரு மணி வரை விரைந்து நடப்பதற்கு ஈடான உழைப்பே இலக்கு. ஐந்தாண்டு முடிவில் நோய் திரும்பாமல் இருந்தோர், பயிற்சிப் பிரிவில் நூற்றுக்கு 80.3, மற்றதில் 73.9. எட்டாண்டு முடிவில் உயிரோடிருந்தோர் 90.3, மற்றதில் 83.2. தசைவலி, மூட்டுவலி போன்ற தொல்லைகள் பயிற்சி செய்தவர்களிடம் சற்று மிகுதி என்பதும் ஆய்வில் பதிவாகியுள்ளது. இது ஒரு வகைப் புற்றுநோய்க்கு, சிகிச்சை முடிந்த பிறகு செய்த பயிற்சிக்குக் கிடைத்த சான்று. எல்லா நோய்க்கும் இதனை நீட்டிச் சொல்லலாகாது. ஆயினும், நடை என்பது தேறுதலின் அடையாளமாக இருப்பதோடு, சில இடங்களில் தேறுதலுக்கே துணை புரிகிறது என்பதற்கு இது வலுவான சான்றாகும்.

இனி, கருவியின் குறைகளையும் அறிந்துகொள்ள வேண்டும். நகரித் தாய் வீடு திரும்பி, சில மாதங்களில் குழித்தறியில் அமர்ந்துவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். கால்கள் மிதிகளை மாறி மாறி மிதிக்கின்றன. ஆனால் மணிக்கட்டில் கட்டிய கருவி அந்தக் கால்களைக் காண்பதில்லை. கைவீச்சைப் பார்த்து அது தப்புக் கணக்கும் போடலாம். இடுப்பில் குடத்தை அணைத்து நடந்தால் கை வீசுவதில்லை. நடைச்சட்டத்தைப் பற்றி நடந்தாலும் அவ்வாறே. அந்த அடிகளிற் பல கணக்கில் விழுவதில்லை. மிக மெல்ல நடப்பவர்களின் அடிகளையும் கருவிகள் தவறவிடுகின்றன. அறுவை முடிந்தவர்களோ மெல்லத்தான் நடப்பார்கள். ஆகவே எண் குறைவாயிருந்தால், 'சோம்பேறி' என்று தீர்ப்புச் சொல்லிவிடலாகாது. கருவி ஒரு சாட்சி, நீதிபதி அன்று.

உழைப்பு முழுவதும் காலில் இல்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்ட பெண்ணுக்குக் கால் நன்றாயிருக்கும், கைதான் உயராது. தலை வாருவதும், பரணிலிருந்து பாத்திரம் எடுப்பதும், கொடியில் துணி உலர்த்துவதும் அவளுக்குரிய அளவைகள். தோள் எத்தனை பாகை உயர்கிறது என்று மருத்துவமனையில் கோணமானியால் அளக்கிறார்கள். கை வீங்குகிறதா என்று நாடாவால் சுற்றளவு பார்க்கிறார்கள். ஒவ்வோர் அறுவைக்கும் அதற்குரிய அளவை உண்டு.

வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இவ்வரலாற்றால் என்ன பயன்? பயன் உண்டு. அறுவை செய்த மருத்துவர் ஓர் ஊரில் இருக்க, நாம் வேறோர் ஊரில் வாழ்கிறோம். அவர் மொழி வேறு, நம் மொழி வேறு. அடிக்கணக்குக்கு மொழிபெயர்ப்பு வேண்டுவதில்லை. விலையுயர்ந்த கருவியும் வேண்டுவதில்லை. கூடத்தின் ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை எத்தனை அடி என்று எண்ணி, நாளுக்கு எத்தனை முறை நடந்தோம் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதினால் போதும். பக்கத்திலேயே வலி, உறக்கம், உணவு ஆகியவற்றை ஒவ்வொரு சொல்லில் குறிக்கலாம். எவ்வளவு நடக்கலாம், எப்போது கூட்டலாம் என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். காய்ச்சல், கெண்டைக்கால் வீக்கம், மூச்சுத் திணறல், நெஞ்சுவலி ஆகியவை தோன்றினால் நடையை நிறுத்தி உடனே மருத்துவரை நாட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நம் எண்ணை நம் நேற்றைய எண்ணோடு ஒப்பிட வேண்டுமே அன்றி, அடுத்த வீட்டுக்காரர் எண்ணோடு ஒப்பிடலாகாது.

வீட்டாருக்கும் ஒரு சொல். நோயாளியின் மேல் உள்ள அன்பினால், 'நீங்கள் எழுந்திருக்க வேண்டாம் அம்மா, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று கிடத்திவைப்பது நம் குடும்பங்களில் வழக்கம். அந்த அன்பு போற்றத்தக்கது. ஆனால் அதன் வழி மாற வேண்டும். தண்ணீரைக் கொண்டுவந்து கையில் கொடுப்பதைவிட, தண்ணீர்ப் பானை வரை தோள் கொடுத்து உடன் நடப்பதே மேலான தொண்டு.

திருமலைக்கு அலிபிரி வழியாக ஏறுவோர் ஏறத்தாழ 3,550 படிகளைக் கடக்கிறார்கள். அவர்களில் யாரும் உச்சியைப் பார்த்துக்கொண்டே ஏறுவதில்லை; அடுத்த படியைப் பார்த்தே ஏறுகிறார்கள். களைத்தால் அமர்கிறார்கள், பிறகு எழுகிறார்கள். நகரித் தாய் அடுத்த முறை மருத்துவர் முன் அமரும்போது, அவள் 'பரவாயில்லை' என்று சொல்லட்டும். அது அவள் பண்பு. ஆனால் மகன் கையில் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். முதல் வாரம் கட்டிலிலிருந்து வாசல் வரை. இரண்டாம் வாரம் தெருக்கோடி வரை. ஆறாம் வாரம் கோயில் வரை. அதைப் படிக்கும் மருத்துவர் எந்த மொழியினராயினும், அவள் எவ்வளவு தொலைவு வந்திருக்கிறாள் என்பதை அறிந்துகொள்வார்.